பனியைப் பெருக்கும் டிராக்டர்: சுழல் துடைப்பம் எப்படி வேலை செய்கிறது?

பிளேடு பூட்டிய டிராக்டர் ஒன்று பாதையில் கிடந்த பனியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் பாதை சுத்தம். கிட்டே போய்ப் பார்த்தால் தரையோடு ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய வெள்ளைப் படலம் மிச்சமிருக்கும். பிளேடு நேர்கோடு, தரை அப்படி இல்லை. சின்னச் சின்னப் பள்ளங்களில் பனி தங்கிவிடும். தரையைச் சுரண்டிவிடக்கூடாது என்று பிளேடைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருப்பார்கள், அதனாலும் தங்கும். அந்தப் படலத்தின் மேல் நாலு பேர் நடந்து, நாலு சக்கரம் ஏறி இறங்கினால் போதும். அழுந்தி, இரவில் இறுகி, காலையில் வழுக்கும் ஐஸ் தகடாகிவிடும். பெரும்பாலும் ஆள் விழுவது முழங்கால் ஆழப் பனியில் இல்லை, இந்தத் தகட்டில்தான்.

அந்தக் கடைசிப் படலத்தை எடுப்பதற்கென்றே இருக்கும் கருவி சுழல் துடைப்பம். பனி குறைவாகப் பெய்த நாளில் பிளேடே வேண்டாம், இது ஒன்றே போதும்.

அமைப்பு எளிமையானதுதான். படுக்கைவாட்டில் ஓர் உருளை. அதைச் சுற்றி நெருக்கமாக நார்கள். டிராக்டர்களில் பூட்டும் துடைப்பங்கள் பொதுவாக 60 முதல் 90 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும். நீளம் டிராக்டரின் அளவைப் பொறுத்தது. மேலே பாதி வட்டமாக ஒரு தகட்டு மூடி. உருளையைச் சுழற்ற டிராக்டரின் எஞ்சினிலிருந்து சக்தி வருகிறது. துடைப்பத்தை இடப்பக்கமோ வலப்பக்கமோ சுமார் 30 பாகை வரை சாய்த்துத் திருப்பிக்கொள்ளலாம். அவ்வளவுதான் இயந்திரம். ஆனால் இதை முதல்முறை ஓட்டுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தவறாக ஓட்டுவதற்குக் காரணம், இது பனியை என்ன செய்கிறது என்பதைப் பிளேடு மாதிரியே நினைத்துக்கொள்வதுதான்.

நாரின் முனை

பிளேடு பனியைத் தள்ளுகிறது. ஸ்னோ புளோயர் பனியை அள்ளி வீசுகிறது. சுழல் துடைப்பம் பனியைச் சுண்டுகிறது.

ஒரே ஒரு நாரை மட்டும் கவனியுங்கள். அது சுற்றிக்கொண்டு கீழே வருகிறது. முனை தரையில் படுகிறது, லேசாக வளைகிறது. தரையை விட்டு விலகும் கணத்தில் வளைவு நிமிர்கிறது. அந்த நிமிர்வின் வேகத்தில் முனைக்கு முன்னால் இருந்த பனித்துகள் எகிறிப் பறக்கிறது. அடுத்த நார் வருகிறது, அடுத்த துகள் பறக்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான நார்கள், ஒவ்வொரு சுற்றிலும். வேலை முழுக்க நாரின் கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டரில்தான் நடக்கிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். துடைப்பத்தைத் தரையில் போட்டு அழுத்தினால், முனைக்குப் பதிலாக நாரின் வயிறு தரையில் படும். வளைந்த நார் நிமிர இடம் கிடைக்காது. சுண்டுதல் போய் இழுத்தல் மட்டும் மிஞ்சும். கைத்துடைப்பத்தைத் தரையோடு அமுக்கிப் பிடித்துக் கூட்டிப் பாருங்கள், தூசி நகராமல் அரைபடும், அதே கதைதான். பனி போகவில்லையே என்று இன்னும் அழுத்துவார்கள், எஞ்சின் முக்கும், நார் தேயும், பனி மட்டும் அங்கேயே இருக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் சுத்தம் கூடும் என்பது முதலில் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

சுழலும் திசையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிராக்டர் முன்னால் போகும்போது சக்கரத்தின் அடிப்பாகம், வண்டியோடு ஒப்பிட்டால், பின்னோக்கி நகர்கிறது. முன்பக்கம் பூட்டிய துடைப்பம் அதற்கு நேர்மாறு: அதன் அடிப்பாகம் முன்னோக்கி நகரும். பனி முன்னால் பறக்கும், துடைப்பம் சாய்ந்திருந்தால் பக்கவாட்டில் பறக்கும்.

எவ்வளவு வேகம் என்று ஒரு கணக்குப் போடலாம். துடைப்பத்தின் விட்டம் 75 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 200 சுற்று என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு சுமார் 2.36 மீட்டர். அப்படியானால் முனையின் வேகம் நொடிக்கு 7.9 மீட்டர் அளவில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். நார்கள் தேய்ந்து விட்டம் 55 சென்டிமீட்டராகக் குறைந்துவிட்டால், அதே சுற்று வேகத்தில் முனை மணிக்கு 21 கிலோமீட்டரில்தான் ஓடும். எறியும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இந்தத் தேய்மானம் எறிதலை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். போன வருடம் நன்றாகத்தான் ஓடியது, இந்த வருடம் பனி பக்கத்திலேயே விழுகிறது என்று குழம்புகிறவர்கள் முதலில் விட்டத்தை அளந்து பார்க்கலாம்.

எந்தப் பனி, எவ்வளவு பனி

பனி என்று ஒரே பெயரில் சொன்னாலும் எடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கடுங்குளிரில் புதிதாக விழுந்த உலர் பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ இருக்கும். பூஜ்ய பாகையை ஒட்டி விழும் ஈரப்பனியோ, சில நாள் கிடந்து அமர்ந்த பனியோ 300 கிலோவைத் தொடும். கெட்டி ஐஸ் 917 கிலோ.

1.5 மீட்டர் அகலமுள்ள துடைப்பம், 10 சென்டிமீட்டர் ஆழப் பனி, மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம். உலர் பனி 80 கிலோ என்று எடுத்தால் துடைப்பம் நொடிக்கு 17 கிலோ பனியை எறிய வேண்டும். அதே ஆழத்தில் 300 கிலோ ஈரப்பனி என்றால் நொடிக்கு 62 கிலோ. முதலாவது நடக்கும். இரண்டாவதில் பனி துடைப்பத்துக்கு முன்னால் குவியும், மூடிக்குள் அப்பிக்கொள்ளும், நார்களுக்கிடையே நுழைந்து உருளையே ஒரு பனி உருண்டையாகிவிடும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: உலர்ந்த, பொடிப் பனி 10 சென்டிமீட்டருக்குள் இருந்தால் துடைப்பத்தோடு இறங்கலாம். ஈரமாக இருந்தால் அதில் பாதி ஆழமே அதிகம். அதற்கு மேல் போனால் முதலில் பிளேடால் தள்ளிவிட்டு, அப்புறம் துடைப்பம். ஆழப் பனிக்கும் இதையே நம்பியிருக்கப் போகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள், வெறுத்துப்போவீர்கள். தண்ணீரும் பனியுமாகக் கலந்து கிடக்கும் கூழைத் துடைப்பம் நன்றாகவே தள்ளும், ஆனால் அது தெறிக்கும் இடமெல்லாம் சேறாகும்.

நேரமும் முக்கியம். பனித்துகள்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு கிடந்தாலே, வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போதும், தொடும் இடங்களில் மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்ளும். உருகித்தான் ஒட்ட வேண்டும் என்றில்லை. அழுத்தம் கிடைத்தால் இந்த ஒட்டுதல் இன்னும் வேகமாக நடக்கும். அதனால்தான் டயர் ஏறிய தடம் மட்டும் பெருக்கிய பின்னும் இரண்டு வெள்ளைக் கோடுகளாக நிற்கிறது. பனி நின்றபின் ஒரேயடியாக இறங்குவதைவிட, கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு சுற்றும் நின்றபின் ஒரு சுற்றும் போவது துடைப்பத்துக்கு ஏற்ற முறை. யாரும் மிதிப்பதற்கு முன்னால் என்பது அதைவிட முக்கியம்.

பெருக்கியபின் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஏதோ மிஞ்சினால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புத் தார்த்தரை பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். அங்கங்கே தார் தெரிய ஆரம்பித்தால் மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். வெயில் வராத நிழல் பக்கம்தான் இரண்டாம் முறை பெருக்க வேண்டிய இடம்.

இந்த மில்லிமீட்டர் கணக்கு எவ்வளவு தீவிரமானது என்று தெரிய விமான ஓடுபாதைகளைப் பார்க்கலாம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2021 நவம்பரிலிருந்து ஓடுபாதையின் நிலையை 0 முதல் 6 வரை எண்ணிட்டு விமானிகளுக்குச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. உலர்ந்த ஓடுபாதை 6. அதில் உலர் பனி 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் 5. 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் நேரே 3-க்கு இறங்கிவிடும். பிளேடு மட்டும் வைத்துக்கொண்டு அந்த அளவுக்குள் நிற்பது கஷ்டம் என்பதால், பனி விழும் விமான நிலையங்களில் முன்னால் பிளேடு, நடுவில் துடைப்பம், பின்னால் காற்றை ஊதும் குழாய் என மூன்றும் சேர்ந்த நீண்ட வண்டிகள் வரிசையாக ஓடும். டிராக்டர் துடைப்பம் அதன் சின்னத் தம்பி.

யோசனை பழையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வட அமெரிக்க நகரங்களில் டிராம் தண்டவாளங்களைச் சுத்தம் செய்யச் சுழல் துடைப்பம் பூட்டிய தனி வண்டிகள் இருந்தன. தண்டவாளத்தின் பள்ளத்துக்குள் பிளேடு போகாது, நார் போகும். அப்போது நாருக்குப் பதில் பிரம்பு வைத்திருந்தார்கள்.

முன்னாலா, பின்னாலா, சக்தி எங்கிருந்து?

டிராக்டரின் பின்னால் கருவிகளை மூன்று இடத்தில் பிடித்துத் தூக்கும் மூன்று புள்ளி இணைப்பில் பூட்டும் துடைப்பங்கள் கிடைக்கின்றன. எளிமையானவை, பூட்டிக் கழற்றுவது சுலபம். தூசி, இலை பெருக்க நன்றாக இருக்கும். பனிக்கு ஒரே குறை: டிராக்டரின் டயர்கள் முதலில் பனியை மிதித்துவிடும், துடைப்பம் பின்னால் வந்து மிதிபட்டதைப் பெருக்கும். மேலே சொன்ன இரண்டு வெள்ளைக் கோடுகள் நிச்சயம். பின்னோக்கி ஓட்டியபடி பெருக்கலாம், கழுத்து ஒத்துழைத்தால். பனிக்கென்றே வாங்குவதானால் முன்பக்கத் துடைப்பம்தான் சரி.

முன்பக்கம் பூட்டும்போது எடையை மறக்கக்கூடாது. ஒரு நடுத்தரத் துடைப்பமே 200 கிலோவைத் தாண்டும். அது முன் அச்சுக்கு முன்னால் தொங்குவதால் பின்சக்கரங்களின் பிடி குறையும். பின்னால் எதிர் எடை வேண்டும். வழுக்கும் சரிவுகளில் டயருக்குச் சங்கிலியும் வேண்டும்.

சக்தி தருவதில் இரண்டு வழி. ஒன்று, பி.டி.ஓ. தண்டு, அதாவது எஞ்சினின் சுழற்சியை வெளிக்கருவிகளுக்கு எடுத்துத் தரும் தண்டு. பின்பக்கப் பி.டி.ஓ. வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று. சிறிய டிராக்டர்களின் நடுவயிற்றில் இருக்கும் பி.டி.ஓ. பொதுவாக 2000 சுற்று. துடைப்பத்தின் கியர்பாக்ஸும் செயினும் அதைக் குறைத்து உருளைக்குத் தரும். எந்தப் பி.டி.ஓ.வுக்காகச் செய்த துடைப்பமோ அதில்தான் பூட்ட வேண்டும்.

இரண்டாவது, ஹைட்ராலிக் மோட்டார், அதாவது அழுத்தத்தில் ஓடும் எண்ணெயால் சுற்றும் மோட்டார். குழாயை இணைத்தால் போதும், தண்டு எதுவும் இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஹைட்ராலிக்கில் எண்ணெய் எவ்வளவு ஓடுகிறது என்பது வேகத்தைத் தீர்மானிக்கும், எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்பது முறுக்குவிசையைத் தீர்மானிக்கும். ஸ்கிட் ஸ்டீயர் வகை வண்டிகள் (முன்னால் கருவி மாட்டி ஓட்டும் கட்டையான வேலை வண்டிகள்) நிமிடத்துக்கு 60, 80 லிட்டர் எண்ணெய் தரும். சின்ன டிராக்டர் ஒன்று 20, 25 லிட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். ஸ்கிட் ஸ்டீயருக்கான பழைய துடைப்பத்தை மலிவாக வாங்கிச் சின்ன டிராக்டரில் மாட்டினால் சுற்றத்தான் செய்யும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில். முனைக்கு வேகம் இல்லையென்றால் சுண்டுதல் இல்லை. வாங்குமுன் டிராக்டர் கையேட்டில் வெளிக்கருவிகளுக்குக் கிடைக்கும் எண்ணெய் ஓட்டத்தைப் பார்த்து, துடைப்பத்தின் மோட்டார் கேட்பதோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

பி.டி.ஓ. துடைப்பத்தில் வேறொரு சிக்கல். எஞ்சினின் வேகம்தான் துடைப்பத்தின் வேகம். வண்டியை மெதுவாக்க ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் துடைப்பமும் மெதுவாகிவிடும், பனி குவியும். எஞ்சினைத் தேவையான வேகத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, கியரைக் குறைத்து மெதுவாகப் போக வேண்டும். ஹைட்ரோஸ்டாட்டிக் கியர் உள்ள டிராக்டரில் மிதியை வைத்தே வண்டியின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைக்கலாம். இந்த வேலைக்கு அது பெரிய சௌகரியம்.

அகலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சாய்த்த அகலத்தைப் பாருங்கள். 1.5 மீட்டர் துடைப்பத்தை 30 பாகை சாய்த்தால் அது பெருக்கும் பாதை 1.3 மீட்டர்தான். டிராக்டரின் டயர்கள் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 1.4 மீட்டர் என்றால், டயர் பெருக்காத பனியை மிதித்துக்கொண்டே வரும். அந்த டிராக்டருக்கு 1.8 மீட்டர் துடைப்பம் வேண்டும், சாய்த்தாலும் 1.56 மீட்டர் கிடைக்கும்.

உயரம் வைப்பது

அழுத்தாதே என்று சொன்னால் போதுமா, எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? அதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. பனிக்காலம் தொடங்கும் முன்பே செய்துவிடலாம்.

சமதளமான, கொஞ்சம் தூசி படிந்த காய்ந்த தரையில் டிராக்டரை நிறுத்துங்கள். கை பிரேக் போடுங்கள். துடைப்பத்தை வேலை செய்யும் உயரத்துக்கு இறக்கி, நகராமல் அப்படியே அரை நிமிடம் சுழலவிடுங்கள். பின் தூக்கி, வண்டியைப் பின்னால் எடுத்து, தரையைப் பாருங்கள். நார் பட்ட இடம் ஒரு பட்டையாகத் தூசியில்லாமல் தெரியும். அந்தப் பட்டை துடைப்பத்தின் நீளம் முழுக்க ஒரே அகலத்தில், 5 முதல் 10 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சரி. 15, 20 என்று அகன்றிருந்தால் அழுத்தம் அதிகம், தூக்க வேண்டும். ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் இருந்தால் துடைப்பம் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது. அப்படியே ஓட்டினால் உருளை கூம்பு வடிவில் தேய்ந்து, பிறகு எப்படிச் சரிசெய்தாலும் மட்டமாக நிற்காது. நடுவில் மட்டும் ஒடுங்கியிருந்தால் நார்கள் நடுவில் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம்.

இந்த உயரத்தைப் பிடித்து நிறுத்தச் சில துடைப்பங்களில் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னச் சக்கரங்கள் இருக்கும், சிலவற்றில் சங்கிலி இருக்கும். லோடரின் கைகளில், அதாவது டிராக்டரின் முன்னால் ஏறி இறங்கும் தூக்குக் கைகளில், பூட்டிய துடைப்பத்தில் இவை இரண்டும் இல்லாவிட்டால் ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் நீங்களே ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். சக்கரம் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. நார்கள் தேயத் தேய இந்தச் சோதனையை அவ்வப்போது மறுபடி செய்து உயரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

ஓட்டுவது

முதலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். பெருக்கும் பனி மேகம் மாதிரி எழும்பும். காற்றை எதிர்த்து எறிந்தால் எறிந்த பனியில் பாதி பெருக்கிய இடத்துக்கே திரும்பி வரும், மிச்சம் உங்கள் முகத்துக்கு வரும். காற்று போகும் பக்கமாகத் துடைப்பத்தைச் சாய்த்துக்கொண்டு, காற்று வரும் ஓரத்திலிருந்து ஆரம்பித்துக் காற்று போகும் ஓரத்துக்கு வந்து முடிப்பதுதான் அழகு. கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. காற்றே இல்லாத நாளில், பாதை அகலமாக இருந்தால், நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் வெளியே தள்ளலாம்.

துடைப்பத்தைச் சாய்க்காமல் நேராக வைத்து ஓட்டினால் பனி முன்னாலேயே விழும், அதையே திரும்பத் திரும்பப் பெருக்குவீர்கள். போகப்போகக் குவியல் பெருகி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நேராக வைப்பது முடிவில் திறந்த வெளி இருக்கும் குறுகலான சந்துக்கு மட்டும்.

வேகம் நடை வேகமாக இருக்கட்டும். மெல்லிய பொடிப் பனியில் கொஞ்சம் கூட்டலாம். பெருக்கிய பாதையில் குறுக்கே வரி வரியாகப் பனி மிஞ்சினால், உருளை ஒரு சுற்று முடிப்பதற்குள் வண்டி அதிக தூரம் போகிறது என்று பொருள். துடைப்பம் குதிக்கிறதா? சுற்று வேகம் தேவைக்கு மேல், அல்லது நார்கள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கலாம், அல்லது நாருக்குள் பனி உறைந்து எடை ஒருபக்கமாகிவிட்டது. முன்னால் பனி குவிகிறதா? வண்டியை மெதுவாக்குங்கள், அப்போதும் குவிந்தால் அது துடைப்பத்துக்கான பனி இல்லை. ஒவ்வொரு பட்டையும் முந்தைய பட்டையின் மேல் ஒரு சாண் ஏறியிருக்கட்டும், இல்லையென்றால் நடுவில் ஒரு வரப்பு நிற்கும்.

கேபின் இல்லாத டிராக்டரில் இந்த வேலையைச் செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம், ஒருமுறை செய்து பார்த்தவர்கள் கேபின் விலையை விசாரிக்க ஆரம்பிப்பார்கள்.

பிளாஸ்டிக் நாரா, கம்பியா?

பனிக்குப் பொதுவாகப் பாலிபுரோப்பிலீன் நார். தண்ணீரை உறிஞ்சாது, துருப்பிடிக்காது, தரையைக் கீறாது. கடுங்குளிரில் விறைத்துக்கொள்ளும், உடையவும் செய்யும். எஃகுக் கம்பி நார் மிதிபட்ட பனியின் மேற்பரப்பைக் கொஞ்சம் கொத்தி எடுக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கிய கலவைத் துடைப்பமும் உண்டு. கெட்டி ஐஸை எந்த நாரும் எடுக்காது, அந்த ஆசையில் கம்பி வாங்க வேண்டாம்.

கம்பிக்கு ஒரு பக்க விளைவு இருக்கிறது: உடையும். உடைந்த துண்டு பாதையில் கிடந்து மிதிவண்டி டயரில் ஏறும். விமான நிலையங்களில் இந்தத் துண்டுகளைப் பொறுக்கக் காந்தப் பட்டை பூட்டி வண்டி ஓட்டுகிறார்கள். ஆட்களும் மிதிவண்டிகளும் போகும் பாதைக்குப் பிளாஸ்டிக் நாரே என் தேர்வு. அதுவும் தேய்ந்து துகளாகி ஓரப் புல்லில் சேரும் என்பது உண்மைதான். அளவுக்கு மேல் அழுத்தாமல் இருந்தால் அதுவும் குறையும்.

தரையைப் பொறுத்தவரை, கல் பதித்த நடைபாதை, மேடுபள்ளமான பழைய தார், இடுக்குகள் நிறைந்த தளம் இவையெல்லாம் துடைப்பத்தின் சொந்த ஊர். பிளேடு தட்டிச் சிக்கும் இடங்களில் நார் வளைந்து கொடுத்து உள்ளே போய் வரும். புல்தரையில்கூட லேசாக ஓட்டலாம். சரளைக்கல் பாதையில் மட்டும் யோசிக்க வேண்டும். பனியோடு கல்லும் பறக்கும். வேறு வழியில்லை என்றால் துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்து, சுற்றைக் குறைத்து, மேல்பனியை மட்டும் எடுத்து அடிப்படலத்தை விட்டுவிட வேண்டும்.

பெருக்கியபின் உப்பு போடுவதானால் இங்கே ஒரு லாபம் இருக்கிறது. உப்பின் வேலை பனியை உருக்குவது. உருக்கப் பனி குறைவாக இருந்தால் உப்பும் குறைவாகப் போதும். சுவீடனில் பல நகரங்கள் மிதிவண்டிப் பாதைகளில் ஒரே வண்டியின் முன்னால் துடைப்பமும் பின்னால் உப்புக் கரைசல் தொட்டியும் வைத்து ஓட்டுகின்றன. கல் உப்பைத் தூவினால் சிதறி ஓடும், கரைசல் விழுந்த இடத்திலேயே நிற்கும். 23 சதவீத உப்புக் கரைசல் சுமார் மைனஸ் 21 பாகை வரை உறையாது. பிளேடு விட்டுப்போன தடித்த படலத்தின் மேல் அதே கரைசலைத் தெளித்தால் பனி அதை நீர்த்துப்போகச் செய்து, கொஞ்ச நேரத்தில் எல்லாம் சேர்ந்து உறைந்துவிடும்.

கையைத் தூர வையுங்கள்

முனை மணிக்கு 28 கிலோமீட்டரில் ஓடுகிறது என்றால் பனிக்குள் ஒளிந்திருக்கும் கல்லும் அந்த வேகத்தில்தான் கிளம்பும். சாய்த்த பக்கத்தில் கார், கண்ணாடி ஜன்னல், ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் சுழற்ற வேண்டும். யாராவது குறுக்கே வந்தால் துடைப்பத்தை நிறுத்திவிடுங்கள். எழும் பனிமேகத்தில் உங்களுக்கு அவர்களும் தெரியமாட்டார்கள், அவர்களுக்கு நீங்களும் தெரியமாட்டீர்கள்.

நாருக்குள் கயிறோ கம்பியோ சிக்கினால் பி.டி.ஓ.வை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, உருளை முழுவதும் நின்றபின்தான் இறங்க வேண்டும். மூடிக்குள் அப்பிய பனியைக் காலால் உதைத்துத் தள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு. ஒரு குச்சி வைத்துக்கொள்ளுங்கள். பி.டி.ஓ. தண்டின் மேலுறை உடைந்திருந்தால் மாற்றும்வரை ஓட்டக்கூடாது, சுழலும் தண்டு தொளதொளத்த ஒரு கோட்டு நுனியைப் பிடித்தால் விடாது. ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது இன்னொரு ஆபத்து. ஊசித் துளை வழியே பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

வேலை முடிந்தபின்

பெருக்கி முடித்ததும் துடைப்பத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒரு நிமிடம் வெறுமனே சுழலவிடுங்கள். நாருக்குள் இருக்கும் பனி உதறிப்போகும். இதைச் செய்யாமல் நிறுத்தினால் உள்ளே தங்கிய ஈரம் உறைந்து, அடுத்த நாள் நாருக்குப் பதில் ஐஸ் உருளை ஒன்று சுற்றும்.

நிறுத்தும்போது துடைப்பத்தின் எடையை நார்களின் மேல் வைக்கக்கூடாது. பிளாஸ்டிக் நார் வளைந்தபடியே பல நாள் கிடந்தால் அந்த வளைவிலேயே நின்றுவிடும். பிறகு சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தட்டைப் பக்கம் தரையைத் தொடாமல் தாண்டும். துடைப்பத்தோடு வரும் தாங்குகால்களை இறக்கி அதன்மேல் நிறுத்த வேண்டும். அவை இல்லையென்றால் சட்டத்தின் அடியில் இரண்டு மரக்கட்டை. வெயிலில் போட்டாலும் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும் என்பதால் கோடைக்காலத்தில் நிழலில் இருக்கட்டும்.

நார்களை மாற்றுவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. பெரும்பாலான துடைப்பங்களில் நார்கள் வட்ட வளையங்களாக உருளையில் கோத்திருக்கும், ஒரு முனையின் மூடித் தகட்டைக் கழற்றினால் ஒவ்வொன்றாக உருவிப் புதியதைக் கோக்கலாம். வேறு சிலவற்றில் நீளவாட்டில் பட்டைகளாகச் செருகியிருக்கும். வளையங்களில் நடுவில் ஒன்றிரண்டு மட்டும் புதிதாகப் போட்டால் அவை மட்டும் நீண்டு நின்று மற்றவற்றைத் தரையில் படவிடாது. எனவே மாற்றினால் முழு உருளைக்கும் மாற்ற வேண்டும். கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச விட்டத்தை எட்டும்வரை காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை: குட்டையான நார் விறைப்பாக இருக்கும், வளையாது, வளையாத நார் சுண்டாது. பனிக்காலத்தின் நடுவில் வளையங்கள் கிடைப்பது கஷ்டம். தூசித்தரைச் சோதனையை முன்கூட்டியே செய்யச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.